இரண்டாவது பேஸுக்கு ஓடுகிறவர்கள்

அக்டோபர் மாதத்தில் எங்கள் வீட்டில் ஆவின் பால் பாக்கெட் வருவதற்கு முன்பே மூன்று பேர் எழுந்துவிடுவோம். அப்பாவுக்கு 76 வயது, எனக்கு 44, மகளுக்கு 12. ஐந்து மணிக்கே அப்பா டிகாக்‌ஷன் இறக்கி வைத்துவிடுவார். மகள் போர்வையோடு எழுந்து வந்து சோபாவில் சுருண்டுகொள்வாள். ஐந்தரைக்கு பேஸ்பால் மாட்ச் தொடங்கும். அங்கே அமெரிக்காவில் அது முந்தைய நாள் ராத்திரி. அப்பா மடக்கு நாற்காலியை டிவிக்கு எதிரே போட்டு உட்காருவார். மடியில் பரீட்சை அட்டை, அதன் மேல் கட்டம் போட்ட நீளமான நோட்டு, கையில் கூராகச் சீவிய பென்சில். பெரம்பூரில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டிலும், வாசல் தெளித்துக் கோலம் போடும் எதிர்வீட்டிலும்தான் விளக்கு எரியும்.

சென்னையில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு பேஸ்பால் எப்படிப் பிடித்தது என்று கேட்பவர்களிடம் நான் ஒரே ஓர் ஓட்டத்தைப் பற்றித்தான் சொல்வேன். முதல் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்கு, 90 அடி. ஓடியவர் டேவ் ராபர்ட்ஸ். வருடம் 2004.

அப்போது எனக்கு 23 வயது. தரமணிப் பக்கம் ஒரு கால் சென்டரில் நைட் ஷிப்ட். அமெரிக்காவில் இன்டர்நெட் வேலை செய்யாதவர்களுக்கு மோடத்தை எப்படி அணைத்து மறுபடி போடுவது என்று போனில் சொல்லிக்கொடுக்கும் வேலை. பயிற்சி வகுப்பில் ஒரு நாள் வெள்ளைப் பலகையில் சாய்சதுரம் ஒன்றை வரைந்து காட்டினார்கள். வாடிக்கையாளர்கள் உத்தேசக் கணக்கை 'பால்பார்க் ஃபிகர்' என்பார்கள், தொடர்புகொள்வதை 'டச் பேஸ்' என்பார்கள், எல்லாம் இந்த விளையாட்டிலிருந்து வந்த பேச்சு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான்கு மூலை, நான்கு பேஸ். கடைசி மூலைக்குப் பெயர் ஹோம். அங்கிருந்து கிளம்பி மூன்று பேஸையும் தொட்டுவிட்டு அங்கேயே திரும்பி வந்தால் ஒரு ரன். எனக்கு உடனே எங்கள் தெருவில் ஆடிய ஓடிப்பிடிக்கிற ஆட்டம் ஞாபகம் வந்தது. ஒரு தூணைத் தொட்டுவிட்டால் யாரும் அவுட் ஆக்க முடியாதே, அந்த மாதிரி. பேஸ் என்றால் அதுதான். தொட்டுக்கொண்டிருக்கும் வரை பத்திரம். விட்டால் ஆபத்து. விடாவிட்டாலோ வீட்டுக்குப் போக முடியாது.

அந்த அக்டோபரில் 18ஆம் தேதி, திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மாசசூசெட்ஸில் வூஸ்டர் என்ற ஊரிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். மோடத்தை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பற்றிப் பேசினார். 1918க்குப் பிறகு அவர்கள் சாம்பியன் ஆனதே இல்லை. இப்போது நியூயார்க் யாங்கீஸுடன் ஏழு மாட்ச் தொடர். மூன்று தோற்றாயிற்று, அதிலும் முந்தைய நாள் 19-8 என்று தோற்றார்கள். முதல் மூன்றையும் தோற்ற அணி திரும்பி வந்து தொடரை ஜெயித்ததாக மேஜர் லீக் சரித்திரத்திலேயே கிடையாது. அவருடைய அப்பா ரெட் சாக்ஸ் ஜெயிப்பதைப் பார்க்காமலேயே போய்விட்டாராம். "அப்படியானால் இன்றைக்கு மாட்சைப் பார்க்க மாட்டீர்களா?" என்று கேட்டேன். "பார்க்காமல் எப்படிம்மா இருப்பது?" என்கிற தொனியில்தான் அவர் பதில் சொன்னார். அதற்குள் மோடத்தில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்து சுமோவில் வீட்டுக்கு வந்து தூங்கினேன். சாயந்திரம் எழுந்ததும் அந்தப் பெரியவர் ஞாபகம்தான் முதலில் வந்தது. மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, தெருமுனை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். வீடியோ கிடையாது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தார்கள். அதைத்தான் படித்தேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி இன்னிங்ஸ். யாங்கீஸ் 4, ரெட் சாக்ஸ் 3. பந்து போடுகிறவர் மரியானோ ரிவேரா. கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பாற்றுவதில் அவரைப் போல இன்னொருவர் வந்ததில்லை. முதல் பேட்டர் கெவின் மில்லாருக்கு நான்கு 'பால்', அதாவது அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போகும் பந்து, போட்டுவிட்டார், அதனால் மில்லார் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போனார். உடனே ரெட் சாக்ஸ் மில்லாரை உட்கார வைத்துவிட்டு டேவ் ராபர்ட்ஸை ஓட அனுப்பியது. அந்த ஓர் ஓட்டத்துக்காகத்தான் அவர் உள்ளே வந்தார். மைதானத்தில் இருந்தவர்கள், டிவியில் பார்த்தவர்கள், ரிவேரா, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் போஸாடா, எல்லோருக்கும் தெரியும் அவர் ஓடத்தான் போகிறார் என்று. ரிவேரா ஒரு தடவை முதல் பேஸுக்கு எறிந்தார். ராபர்ட்ஸ் திரும்பிப் பாய்ந்து பேஸைத் தொட்டார். மறுபடி எறிந்தார். மறுபடி பாய்ந்தார். மூன்றாவது தடவையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் பேட்டருக்கு முதல் பந்து வந்தது. ராபர்ட்ஸ் ஓடினார்.

அந்த ஓட்டத்தின் கணக்கு பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது. பிட்சர், அதாவது பந்து போடுகிறவர், கை அசைத்ததிலிருந்து பந்து கேட்சர் கைக்குப் போக ஏறக்குறைய 1.3 விநாடி. கேட்சர் பிடித்து, எழுந்து, இரண்டாவது பேஸுக்கு எறிந்து, பந்து அங்கே போய்ச் சேர இன்னொரு 2 விநாடி. மொத்தம் 3.3. ஓடுகிறவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். பேஸை விட்டு நான்கைந்து தப்படி முன்னாலேயே தள்ளி நிற்கலாம், ஆனால் அப்படி நின்றால் பிட்சர் முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கிவிடலாம். எவ்வளவு தள்ளி நிற்பது என்பதில்தான் தைரியமும் அறிவும் சேர்கிறது. ராபர்ட்ஸின் கை பேஸைத் தொட்டபோது அங்கே பந்தைப் பிடித்த யாங்கீஸ் ஆட்டக்காரர் ஜீட்டரின் கையுறை அவர் மேல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கண் இமைக்கும் வித்தியாசம். சேஃப்.

அடுத்து பில் முல்லர் அடித்த பந்து பிட்சரைத் தாண்டி நேராகப் போக, ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸிலிருந்து ஹோம் வரை ஓடி வந்தார். 4-4. சமமானதால் ஆட்டம் நீண்டது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸின் டேவிட் ஆர்டிஸ் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார், ஹோம் ரன். அங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றேகால் மணி. அதற்குப் பிறகு மீதி மூன்று மாட்சையும் ஜெயித்தார்கள். உலக சீரிஸ் என்கிற இறுதித் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்குக்கு நான்கு ஜெயித்தார்கள். அந்தக் கடைசி மாட்ச் நடக்கும்போது அங்கே வானத்தில் முழுச் சந்திர கிரகணம். இங்கே அக்டோபர் 28, வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. ஷிப்ட் முடிந்தும் தூங்காமல் அதே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தேன். 86 வருடம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. முன்பின் பார்த்திராத அந்த வூஸ்டர் பெரியவருக்காக நான் அழுதேன். பக்கத்து கேபினில் இருந்த பையன் ஏதோ பரீட்சை ரிசல்ட் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

அப்பா அப்போது ஐசிஎஃப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் கிரிக்கெட் மாட்சுகளுக்கு ஸ்கோர் எழுதப் போவார். 1986இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவோடு டை ஆன டெஸ்ட்டின் கடைசி நாளில் அவர் ஸ்டாண்டில் இருந்தார். அதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் அவருக்குக் குரல் மாறும். அவரிடம் பேஸ்பால் என்றதும் முதலில் கேட்ட கேள்வி, "பத்துக்கு ஏழு தடவை அவுட் ஆகிறவன் எப்படிம்மா பெரிய பேட்ஸ்மேன்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பத்தில் மூன்று முறை ஹிட் அடித்தால், அதாவது பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே நல்ல பேட்டர். அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு பெரிய லீக்குகளில் ஒரு சீசன் முழுக்கப் பத்தில் நான்குக்கு மேல் அடித்தவர் என்று கடைசியாகச் சொல்லக்கூடியவர் டெட் வில்லியம்ஸ், அதுவும் 1941இல். பந்து அவ்வளவு வேகமாக வருகிறது, பேட் உருண்டை, அதோடு பேட்டர் ஒதுங்கி நின்று விட்டுவிடவும் முடியாது, வீசித் தவறவிட்டாலும் நல்ல பந்தை விட்டுவிட்டாலும் அது ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் போக வேண்டியதுதான். அப்பா தலையாட்டினார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

அவரை இழுத்தது வேறு ஒரு செய்தி. 2008 நவம்பரில் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்களைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலுக்குப் போன முதல் இந்தியர்கள் அவர்கள்தான். பேப்பரைப் படித்துவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ஈட்டி எறியிறவன் தோள் வேற, பவுலர் தோள் வேற. அது எப்படி இங்க ஒத்து வருது? சொல்லு."

அப்புறம் நான் ஸ்கோர் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அதோடு அவர் முழுசாக விழுந்துவிட்டார்.

பேஸ்பாலில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். பிட்சர் 1, கேட்சர் 2, மூன்று பேஸ்மேன்கள் 3, 4, 5, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளியே நிற்கும் மூவர் 7, 8, 9. தரையோடு போன பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து, அங்கே பிடித்தவர் முதல் பேஸுக்கு எறிந்து, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் என்றால் நோட்டில் 6-4-3 என்று எழுதினால் போதும். அந்த மூன்று எண்ணைப் படிக்கும்போதே பந்து போன பாதை கண்ணில் தெரியும். கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் 'காட்' என்று எழுதினால் யார் பிடித்தார் என்று தெரியும், பந்து எப்படிப் போனது என்று தெரியாது. மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆனால் 'கே' எழுத்து. கடைசி ஸ்ட்ரைக்கை அடிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பிப் போட்ட அந்த எழுத்தில் ஒரு பேட்டரின் முகமே தெரிகிறது என்பார் அப்பா.

இந்த 'கே'யைக் கொண்டு வந்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்கா போய், நியூயார்க் பக்கத்துப் பத்திரிகைகளில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பேஸ்பாலைப் பார்த்ததும் கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் பழக்கத்தில்தான் இதற்கும் ஓர் அட்டவணை உண்டாக்கினார். பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் உண்டு. இதைக் கேட்ட அன்று அப்பா அடைந்த சந்தோஷம் இருக்கிறதே! "அப்ப இது நம்ம ஆளு எழுதின கணக்கு" என்றார். அன்றைக்கே அளவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோமுக்கு 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட்டில் ஒரு பாப்பிங் கிரீஸிலிருந்து இன்னொரு பாப்பிங் கிரீஸுக்கு 58 அடி. கிட்டத்தட்ட ஒரே தூரம். இரண்டு விளையாட்டும் வெவ்வேறு வழியில் போய், மனுஷன் கண்ணுக்கும் கைக்கும் நடுவே உள்ள அதே இடத்தில் வந்து நிற்கின்றன என்பது அப்பாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பிட்சர் போட்ட பந்து தரையில் பட்டால் பெரும்பாலும் உடனே மாற்றிவிடுகிறார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் 80 ஓவர் ஒரே பந்து. பளபளப்பு போகாமல் பார்த்துக்கொள்வது ஒரு கலை. அங்கேயோ மாட்சுக்கு முன்பே புதுப்பந்தின் பளபளப்பைப் போக்க டெலவேர் ஆற்றுப் பக்கத்துச் சேற்றைத் தடவித் தேய்க்கிறார்கள், பிட்சருக்குப் பிடி கிடைக்க வேண்டும் என்று. "துடைச்சுத் துடைச்சுப் பளபளப்பாக்கற ஊர்ல பிறந்துட்டு, சேறு பூசறதைப் பார்க்கணும்னா எப்படி?" என்று கேட்பார்.

இப்போது எம்.எல்.பி. (மேஜர் லீக் பேஸ்பால்) செயலிக்குச் சந்தா கட்டி டிவியிலேயே பார்க்கிறோம். சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 162 மாட்ச். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். கிழக்குக் கடற்கரை மாட்சுகள் விடிகாலை நான்கரைக்கு, லாஸ் ஏஞ்சலிஸ் மாட்சுகள் டிபன் நேரத்துக்கு. ரேடியோவில் பாட்டு ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடும், நான் தேங்காய் துருவுவேன். அப்பா "ரெண்டு அவுட், மூணு பேஸ்லயும் ஆளு" என்றால் மட்டும் துருவியை வைத்துவிட்டு ஹாலுக்கு வருவேன். பேஸ்பாலை ரசிக்க இது சரியான முறை என்று நினைக்கிறேன். முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அலுப்புத் தட்டும். வீட்டோடு ஒரு ஆளாக விட்டுவைத்தால் எப்போது கூப்பிட வேண்டுமோ அப்போது அதுவே கூப்பிடும்.

2023ஆம் வருடம் உகாதி அன்றைக்கு அப்படிக் கூப்பிட்டது. உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி மாட்ச், ஜப்பானும் அமெரிக்காவும், மயாமியில். ஜப்பான் 3, அமெரிக்கா 2. கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், இன்னும் ஒன்று ஆனால் முடிந்தது. பந்து போடுகிறவர் ஷோஹேய் ஓதானி, பேட்டர் மைக் ட்ரவுட். இரண்டு பேரும் அப்போது ஒரே கிளப்பில், ஏஞ்சல்ஸில், சக ஆட்டக்காரர்கள். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்து வளைந்து வெளியே போக, ட்ரவுட் வீசினார், படவில்லை. அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். வீட்டுக்குள் டிவி முன்னால் அவர் கைதட்டி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் மகளுக்கு அன்று பள்ளி விடுமுறை. அவளும் பார்த்தாள். அன்று சாயந்திரமே பந்து போடக் கற்றுக்கொடு என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவள் பள்ளியில் சாஃப்ட்பால் உண்டு, பேஸ்பால் மாதிரியே, கொஞ்சம் பெரிய பந்தைக் கீழிருந்து வீசி ஆடுவது. பி.டி. டீச்சர் தாமே அந்தக் காலத்தில் ஆடியவர். இடக்கைப் பழக்கம் உள்ள என் மகளுக்கு ஒரு சிக்கல். எறியாத கையில்தான் கிளவுஸ் போட வேண்டும், அவள் இடது கையால் எறிகிறவள், பள்ளியில் இருந்த பத்து கிளவுஸும் இடது கைக்கானவை. மூன்று மாதம் அவள் கிளவுஸை எதிர்க்கையில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே ஆடினாள். சுண்டுவிரல் இடத்தில் கட்டைவிரல். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியிருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளில் நானும் அப்பாவும் இரண்டு சனிக்கிழமை அலைந்தோம். ஐந்தாவது கடைக்காரர் பரண் மேலிருந்து தூசி படிந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அட்டை மாதிரி விறைப்பு. அப்பா அதில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி, மெத்தைக்கு அடியில் வைத்து ஒரு வாரம் அதன் மேல் படுத்தார். அவர் பேட்டுக்கு லின்சீட் ஆயில் போட்டுப் பழகிய கை. எட்டாம் நாள் கிளவுஸ் வாய் திறந்து மூடியது.

ஆகஸ்ட் மாதத்தில் நாங்கள் லிட்டில் லீக் உலக சீரிஸ் பார்ப்போம். பென்சில்வேனியாவில் தெற்கு வில்லியம்ஸ்போர்ட் என்ற சின்ன ஊர். 1939இல் பக்கத்து வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் அக்கம்பக்கத்துப் பையன்களுக்காகத் தொடங்கியது, 1947 முதல் உலக சீரிஸாக நடக்கிறது. ஆடுகிறவர்களுக்கு 12 வயது, அதை ஒட்டிய வயது. பேஸ்களுக்கு நடுவே 60 அடி, பிட்சர் தூரம் 46 அடி, ஆறு இன்னிங்ஸ். மைதானத்துக்குப் பின்னால் ஒரு புல்மேடு. உள்ளே மாட்ச் நடக்கும்போது சின்னப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருப்பார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது.

பெரியவர்கள் ஆட்டத்தைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சில வருடம் தோன்றும். 2014இல் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு மாட்சும் பந்து போட்டு ஜெயித்தாள். லிட்டில் லீக் உலக சீரிஸில் ஒரு பெண் பிட்சர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த வீடியோவை என் மகள் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. 2022இல் தகுதிச் சுற்றில் ஒரு டெக்சாஸ் பையன் போட்ட பந்து ஒக்லஹோமா பையனின் ஹெல்மெட்டில் அடித்துவிட்டது. அடிபட்டவன் எழுந்து முதல் பேஸுக்குப் போனான். பார்த்தால் பந்து போட்டவன் நடு மைதானத்தில் நின்று அழுகிறான். அடிபட்டவன் பேஸை விட்டு இறங்கி நடந்து போய் அவனைக் கட்டிக்கொண்டான். பேஸை விட்டால் ஆபத்து என்று சொன்னேன் அல்லவா, அந்த ஒரு நேரம் யாரும் அவனைத் தொட்டு அவுட் ஆக்க நினைக்கவில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. 11, 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல் போடக்கூடாது. 66 பந்தோ அதற்கு மேலோ போட்டால் நான்கு நாள் ஓய்வு. முழங்கையில் வளரும் எலும்பு கெட்டுவிடக்கூடாது என்பதற்காக. அப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அவர் ஸ்கோர் எழுதிய காலத்தில் வெயிலில் காலையிலிருந்து ஒரே முனையில் பந்து போட்டு, இருபது வயதுக்குள் தோள் போய்விட்ட பையன்களை அவருக்குத் தெரியும். இப்போது எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடும்போதுகூட வாசல் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். "டேய் தம்பி, போதும், இன்னொருத்தன் போடட்டும்" என்று குரல் கொடுப்பார். பையன்களும் கேட்டுக்கொள்கிறார்கள்.

2025 அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை. உலக சீரிஸ் மூன்றாவது மாட்ச், டாட்ஜர்ஸும் டொரான்டோ புளூ ஜேஸும். வெளியே வானம் மூட்டம். எட்டரைக்கு மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது மாட்ச் முடியவில்லை. "தாத்தா, எல்லாத்தையும் எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். 5-5. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மேஜர் லீக்கில் டிரா இல்லை. யாராவது ஜெயிக்கும் வரை ஆட்டம் போகும். ஓதானி அந்த மாட்சில் ஒன்பது முறை பேஸுக்குப் போனார். இரண்டு ஹோம் ரன், ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை போகும் டபுள் இரண்டு, அதற்கப்புறம் அவருக்குப் பந்து போடவே பயந்து நடக்க விட்டுவிட்டார்கள். அப்பா நோட்டில் பன்னிரண்டு இன்னிங்ஸுக்குத்தான் கட்டம். அவர் சமையலறைக்குப் போய், முந்தைய ராத்திரிச் சோற்றைக் குழைத்துப் பசையாக்கி, இன்னொரு தாளைப் பக்கத்தில் ஒட்டி, கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பேட்டரைக்கூட விடவில்லை, நான் சொல்லச் சொல்ல எழுதினார். நான் ஆபீசுக்கு அரை நாள் லீவ் சொல்லிவிட்டேன். வில் க்ளைன் என்று அதிகம் பேர் அறியாத ஒரு பிட்சர் கடைசியில் வந்து நான்கு இன்னிங்ஸ் தாங்கினார். பதினெட்டாவது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த பந்து நடு மைதானத்துக்கு மேல் போய் வேலியைத் தாண்டியது. மொத்தம் 6 மணி 39 நிமிடம். இங்கே மணி பன்னிரண்டு இருபது. சாப்பாடு ஆகவில்லை.

டாட்ஜர்ஸ் மேனேஜர் யார் தெரியுமா? அதே டேவ் ராபர்ட்ஸ். அவரை டிவியில் காட்டும்போதெல்லாம் எனக்கு நரைத்த அந்தத் தாடிக்குப் பின்னால் முதல் பேஸிலிருந்து கிளம்பிய அந்த ஆள்தான் தெரிவார். 2018இலும் இதே மைதானத்தில் உலக சீரிஸ் மூன்றாவது மாட்ச் பதினெட்டு இன்னிங்ஸ் போனது. அப்போதும் அவர்தான் மேனேஜர், எதிரணி ரெட் சாக்ஸ். அன்றைக்கு என் மனசு இரண்டு பக்கமும் இருந்தது.

மகளிடம் ராபர்ட்ஸின் அந்த ஓட்டத்தை நான் காட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டு அவள் கேட்டது: "ஏம்மா, எல்லாருக்கும் தெரியும்னு தெரிஞ்சும் ஏன் ஓடினாரு?" எனக்கு அப்போது பதில் சொல்ல வரவில்லை. தாத்தா சொன்னார்: "வெண்ணெய் எங்க இருக்குன்னு யசோதைக்கும் தெரியும், கண்ணன் வருவான்னும் தெரியும். அதுக்காக உறியைக் கட்டாம இருந்தாளா, இவன்தான் வராம இருந்தானா?"

சாஃப்ட்பாலில் ராபர்ட்ஸ் மாதிரித் தள்ளி நிற்க முடியாது. பந்து பிட்சரின் கையை விட்டுக் கிளம்பும் வரை கால் பேஸில் இருக்க வேண்டும். பேஸுக்கு 60 அடி. அதனால் பிட்சரின் கை சுற்றி இடுப்பருகே வரும் அந்தக் கணத்தைக் கவனித்துக் கிளம்பினால்தான் உண்டு. ஜனவரியில் பள்ளிகளுக்கிடையே ஒரு மாட்ச், பெரம்பூர் பக்கத்து மைதானம் ஒன்றில். சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி பேஸ் வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு. நானும் அப்பாவும் வேப்பமரத்தடியில். அப்பா நோட்டோடு வந்திருந்தார். என் மகள் முதல் பேஸில் நின்றாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரணி கேட்சருக்கும் தெரிந்திருக்கும், அந்தப் பெண் ஏற்கெனவே முட்டியை உயர்த்திவிட்டாள்.

ஓடினாள். நான் கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. கடைசி நான்கடி செம்மண்ணில் சறுக்கினாள், புழுதி எழும்பியது. அம்பயர் புழுதி அடங்கும் வரை குனிந்து பார்த்துக் கொண்டிருந்துவிட்டுக் கையை உயர்த்தினார். அவுட்.

எழுந்து தொடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தாள். சிராய்ப்பில் ரத்தம் துளிர்த்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. "தாத்தா, என்ன எழுதினீங்க?" என்று நோட்டை எட்டிப் பார்த்தாள். தாத்தா காட்டினார். 2-6. கேட்சர் எறிந்து ஷார்ட்ஸ்டாப் தொட்டது. "எறிஞ்சது நல்ல த்ரோ கண்ணு," என்றார், "ஆனா நீ அரை விநாடி லேட்டாக் கிளம்பினே. கையைப் பார்க்காம முகத்தைப் பார்த்துட்டே."

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் சத்தம் கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். தெருவில் இன்னும் வண்டி ஓட்டம் இல்லை. எங்கள் வாசலிலிருந்து அறுபது அடி அளந்து, எதிர்வீட்டுக் கோலத்தைத் தாண்டி, சாக்பீஸில் இரண்டு கட்டம் போட்டிருந்தது. ஒரு கட்டத்தில் என் மகள் குனிந்து நின்றாள், இடது கால் கோட்டில். இன்னொரு கட்டத்துக்குப் பக்கத்தில் அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் அவருடைய பழைய ஸ்டாப்வாட்ச்.

"மூணு புள்ளி எட்டு," என்றார் அப்பா.

"இன்னொரு தடவை தாத்தா" என்று அவள் திரும்பி நடந்தாள்.